வீட்டு நம்பருக்கு வந்த தகவல்

பெட்டியைக் கட்டி வாசலில் வைத்ததோடு போன வாரம் அமலன் வீட்டை விட்டு வந்தோம். அந்தப் பெட்டி இப்போது வாகைகுளம் விமான நிலையத்தின் புது டெர்மினல் வாசலில் அவன் காலடியில் நிற்கிறது. காலை மணி ஏழே கால்.

நடுவில் சில வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காகக் கொஞ்சம். அமலன் கப்பல்காரன். பதினாலு மாதத்துக்கு முன் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும்போது கயிறு அறுந்து அடித்தது. அவனுக்கு வலது தோள் போயிற்று. பக்கத்தில் நின்ற கூட்டாளி சிலுவைக்கு உயிரே போயிற்று. தோள் ஆறி, மெடிக்கலும் பாஸாகி, கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தாயிற்று. இன்று மாலை நாலு மணிக்குள் சென்னை ஆபீஸில் நிற்க வேண்டும். ஆறு மணிக்குப் படகில் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

ஏறாவிட்டால்? ஏற்கெனவே இரண்டு முறை தேதி மாற்றியாயிற்று. மூன்றாவது முறை மாற்ற மாட்டார்கள், பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். நாற்பத்தொரு வயதுக்காரனைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ள எந்தக் கம்பெனியும் வரிசையில் நிற்கவில்லை.

இந்த விவரமெல்லாம் அமலனை விட அவன் மனைவி ஷெர்லினுக்குத்தான் மனப்பாடம்.

வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் அமலனின் போனில் டிக்கெட்டைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். "கேன்சல்" என்று ஒரே வார்த்தை சொல்லி, ஓரமாக இருந்த விமானக் கம்பெனியின் ஜன்னலைக் கையால் காட்டினார்.

"என்னது, கேன்சலா?" ஷெர்லின் வானத்தைப் பார்த்தாள். ஒரு துண்டு மேகம் இல்லை. "மழையா, புயலா? என்ன கேடு வந்துச்சாம்?"

ஜன்னலில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர். உள்ளே அனுஜா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது.

"ஆபரேஷனல் ரீசன் மேடம். எட்டு அம்பத்தஞ்சு ஃப்ளைட் இன்னைக்கு இல்ல. ரீஃபண்ட் லிங்க் அனுப்பியிருக்கோம். அதை அமுக்கினீங்கன்னா பணம் வந்துரும். இல்லன்னா நாளைக்குக் காலைல இதே ஃப்ளைட்ல போட்டுத் தாரோம்."

"மதியம் ஒண்ணு இருக்குல்லா?"

"அது ஃபுல் மேடம்."

முன்னால் நின்ற ஒருவர் அங்கேயே லிங்கை அமுக்கிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு காரைப் பார்க்கப் போனார். ஷெர்லின் சட்டென்று கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எதையும் அமுக்கிராதிய. பணத்த வாங்கிக்கிட்டா இவுகளுக்கும் நமக்கும் கணக்குத் தீந்துரும். அப்புறம் ஒரு வார்த்தை கேக்க முடியாது."

ஷெர்லினுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பதினோரு வருஷமாகத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். கப்பலில் இடமில்லை என்று கண்டெய்னரைக் கரையிலேயே விட்டுவிட்டு, அடுத்த கப்பலில் வரும் என்பார்கள். அந்தத் தொழிலில் அதற்கு 'ரோல் பண்ணுவது' என்று பெயர். முந்திரியும் உப்பும் கருவாடும் ரோல் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. ஒரு பெட்டி கருவாட்டுக்கே விடாதவள், தாலி கட்டியவனை விடுவாளா?

"ஏளா ஷெர்லின்" என்று மெதுவாகக் கூப்பிட்டான் அமலன். "நாளைக்கே போலாமே. ஆபீசுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருவோம்."

"நாளைக்கு நீங்க போவும்போது கப்பல் எங்கன நிக்கும்? சிங்கப்பூர் பாதியில நிக்கும். பேசாம இருங்க."

அமலன் பேசாமல் இருந்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் பாதியைக் கடலில் கழித்தவன் அவன். கரையில் நடக்கும் எந்தக் காரியத்திலும் கடைசி வார்த்தை அவளுடையது என்பது எப்போதோ முடிவாகிவிட்டது.

"ஃப்ளைட் இல்லன்னா நேத்தே சொல்லணும்லா? வாசல்ல வந்து நிக்கும்போது சொன்னா?" ஷெர்லின் ஜன்னலுக்குள் கேட்டாள்.

அனுஜா கம்ப்யூட்டரைத் தட்டினாள். "சொல்லியிருக்கோம் மேடம். நேத்து சாயங்காலம் ஆறு பத்துக்கு மெசேஜ் போயிருக்கு. நாலு ஒண்ணு ஏழுன்னு முடியுத நம்பர்."

ஷெர்லினுக்குச் சப்பென்று ஆயிற்று. அது வீட்டு நம்பர்.

இந்த ஊர்க் கப்பல்காரர்கள் எந்த ஃபாரத்தை நிரப்பினாலும் நடக்கிற கதைதான் இது. நடுக்கடலில் சிக்னல் ஏது? பாங்கா, பாஸ்போர்ட்டா, கேஸ் சிலிண்டரா, எதுவாக இருந்தாலும் வீட்டில் கிடக்கும் போனின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கரைக்கு வந்த பிறகும் கை அந்த நம்பரையே எழுதும். அமலன் சட்டைப் பையில் நல்ல போன் ஒன்று இருக்க, விமான டிக்கெட்டுக்கும் அவன் கொடுத்தது, சமையலறை ஃபிரிட்ஜ் மேல் சார்ஜரோடு கிடக்கும் பழைய போனின் நம்பரை.

ஆறு பத்துக்குத் தெரிந்திருந்தால் ராத்திரி ரயிலில் ஏறியிருக்கலாம். முத்துநகர் எக்ஸ்பிரஸ் புறப்பட இரண்டரை மணி நேரம் இருந்தது. ஒரு தட்காலோ, ஆர்.ஏ.சியோ, நின்றுகொண்டோ, எப்படியோ இந்நேரம் அவன் எழும்பூரில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருப்பான். 

வீட்டுக்கு அடித்தாள். எடுத்தது மாமியார் பேபி.

"மாமி, நேத்து சாயங்காலம் வீட்டு போனுக்கு ஏதும் மெசேஜ் வந்துச்சா?"

"எனக்கென்னளா தெரியும்? நான் அஞ்சே முக்காலுக்கே ஜெபமாலைக்குப் போயிட்டம்லா. ஏன், பிளேன் கிளம்பலயா?"

"கேன்சல் பண்ணிட்டானுவ."

"சேசு மரி சூசை!" பேபியின் குரல் பக்கத்தில் நின்ற அமலனுக்கே கேட்டது. "மாதாவுக்கு இஷ்டமில்ல போலுக்கு. அவன வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு. மத்தியானத்துக்கு ஊளி மீன் வாங்கி வைக்கேன்."

"மாதாவுக்கு இஷ்டம்தான் மாமி. விமானக் கம்பெனிக்குத்தான் இஷ்டமில்ல. வைங்க போன."

வைத்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினாள். மெசேஜை யார் பார்த்தார்கள், பார்க்கவில்லை என்று விசாரிக்க அவளுக்கு நேரமில்லை. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளோடு வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இதற்கப்புறம் எதிராளிக்கு நல்ல நேரமில்லை.

"அனுஜா, உங்க மேல கோவமில்லம்மா. ஆனா ஒண்ணு கேக்கேன். ரத்து பண்ணுனது நீங்க. வேற ஃப்ளைட்டா, பணமா, ரெண்டுல எதுன்னு சொல்ல வேண்டியது யாரு? பயணியா, நீங்களா?"

ஷெர்லின் தன் போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். பயணிகளின் உரிமைகள் என்று அரசாங்கம் போட்டிருக்கும் பக்கம். வரிசையில் நின்றபடியே தேடி எடுத்திருந்தாள். "இந்தா போட்டிருக்கு. பயணி ஒத்துக்கிடுத மாதிரி வேற ஃப்ளைட், இல்லாட்டி முழுப் பணம். நாங்க பணம் கேக்கல. ஃப்ளைட்டு கேக்கோம்."

"நான் மேனேஜரக் கூப்பிடுதேன் மேடம்" என்றாள் அனுஜா. அவள் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது.

மேனேஜர் செந்தில்முருகன் வந்தார். நல்ல மனிதர், நல்ல இஸ்திரி, நல்ல பேச்சு.

"மேடம், உங்க கஷ்டம் புரியுது. சென்னை, பெங்களூர்னா மணிக்கு ஒண்ணு பறக்கும், மாத்தி விட்டுரலாம். இங்க எங்களுக்கு இருக்கதே ஒண்ணு ரெண்டு. சின்ன ஏர்போர்ட் பாருங்க."

"சின்ன ஏர்போர்ட்டுக்குச் சின்ன விதின்னு தனியா இருக்கா சார்?"

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். செந்தில்முருகனும் சிரிக்க முயன்றார்.

"இங்கன ஃப்ளைட் இல்ல, சரி. மதுரையில இருக்குல்லா? உங்க கம்பெனி ஃப்ளைட்டுதான். பன்னெண்டு அம்பது. நாலு சீட்டு இன்னும் விக்கிய. நான் இப்பப் பார்த்தேன்." அவள் போனை நகர்த்திக் காட்டினாள். "அதுல ஒண்ண இவுகளுக்குப் போடுங்க."

"மதுரை வேற ஸ்டேஷன் மேடம். சிஸ்டம் விடாது."

"அப்படியா? சிஸ்டம் விடாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. ரத்துக்கு என்ன காரணம்னும் சேத்தே எழுதிருங்க. ஆபரேஷனல்னு போடாதிய, அந்த ஆபரேஷன் என்னன்னு போடுங்க. மழை, புயல்னா உங்க குத்தமில்ல. இல்லன்னா, ஒரு நாள் முன்னாலயே சொல்லாததுக்கு நஷ்ட ஈடு என்னன்னு பொறவு பேசுவோம். இப்ப எனக்கு ஆள் போய்ச் சேரணும்."

எழுதிக் கொடுங்கள் என்ற சொல்லுக்கு ஒரு சக்தி இருக்கிறது. துறைமுகமோ விமான நிலையமோ, வாயால் சொன்னதை எவனும் தாளில் எழுத மாட்டான். செந்தில்முருகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கலைந்து போயிருந்த வரிசை திரும்பி வந்து ஷெர்லினுக்குப் பின்னால் கூடிவிட்டது.

"பத்து நிமிஷம் குடுங்க. ஹெட் ஆபீஸ்ல பேசிப் பாக்கேன்."

"பேசுங்க. அதுக்குள்ள இங்கன காத்துக் கிடக்கவுகளுக்கு டிபனுக்குச் சொல்லிருங்க. அதுவும் அரசாங்கம் போட்ட அந்தப் பக்கத்துல இருக்கு."

பத்து நிமிஷம் என்பது இருபத்தைந்து ஆயிற்று. இட்லிப் பொட்டலம் வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் ஷெர்லினை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அமலன் ஒரு தூணோரம் பெட்டியின் மேல் உட்கார்ந்து, இட்லியைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தான். ஒரு தடவை எழுந்து வந்து, "ஷெர்லின், ஒரு விஷயம்" என்றான். "இருங்க, அந்தா வாராரு மேனேஜர்" என்றாள் அவள்.

செந்தில்முருகன் கையில் தாளோடு வந்தார். மதுரையிலிருந்து சென்னை, பன்னிரண்டு ஐம்பது, பயணி பெயர் அமலன். "சிஸ்டம் விட்டுருச்சு மேடம்" என்றார். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேனே.

"மதுரைக்குப் போற வண்டிக்கு?"

"பில்லை அனுப்புங்க. சிபாரிசு பண்ணுதேன்."

"அதையும்..."

"எழுதித் தாரேன் மேடம்" என்று அவரே முடித்தார்.

மணி ஒன்பது பத்து. காலையில் கொண்டுவந்து விட்ட பால்துரையின் டாக்சி ஊருக்குத் திரும்பும் சவாரிக்காக இன்னும் அங்கேயே நின்றிருந்தது. பெட்டியைத் தூக்கிப் பின்னால் போட்டார்கள். மதுரை விமான நிலையத்தில் பதினொன்று ஐம்பதுக்கு முன் நிற்க வேண்டும். பால்துரை ஓட்டினால் பதினொன்றரைக்கே போய்விடலாம்.

வண்டி மதுரை ரோட்டில் ஏறியதும் ஷெர்லினுக்குப் பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது. மேனேஜர் முகம் போன போக்கு, அனுஜா கண்ணாடிக்குள்ளிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது, எல்லாவற்றையும் பால்துரைக்குச் சொல்லிச் சிரித்தாள். சென்னை ஆபீஸில் ஆள் ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் இன்பமணிக்குப் போன் போட்டு, "வந்துக்கிட்டே இருக்காங்க சார், மூணரைக்கு அங்கன நிப்பாங்க" என்று உறுதி சொன்னாள். அவளுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

கீழஈரால் தாண்டும்போது அமலன் வாயைத் திறந்தான்.

"பால்துரை, அந்த வேப்ப மரத்தோரம் கொஞ்சம் நிறுத்து."

"டீயாண்ணே? எட்டயபுரம் தாண்டி நல்ல கடை..."

"இங்கனயே நிறுத்து."

வண்டி நின்றது. பால்துரை மனுஷரைப் புரிந்தவன். சேவு வாங்கி வருவதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டான்.

"என்னங்க, தலை சுத்துதா? காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலல்லா..."

"நேத்து அந்த மெசேஜ் வந்தப்ப நான் வீட்டுலதான் இருந்தேன் ஷெர்லின்."

அவளுக்கு உடனே புரியவில்லை.

"நீ ஆபீசுல இருந்த. அம்மா கோயிலுக்குப் போயிட்டா. ஃபிரிட்ஜ் மேல போன் கத்துச்சு. எடுத்துப் பார்த்தேன். முழுசாப் படிச்சேன். திரும்ப அங்கனயே கவுத்து வச்சிட்டேன்."

ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி போனது, இன்னொன்று போனது.

"தெரிஞ்சா?" என்றாள் ஷெர்லின். "தெரிஞ்சேவா காலைல எந்திரிச்சுக் குளிச்சு, அம்மா காலைத் தொட்டுட்டுக் கார்ல ஏறுனிய? ரெண்டு மணி நேரமா நான் அங்கன நின்னு தொண்டை கிழியக் கத்துனேன். கல்லு மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியளே. அப்பமாவது சொல்லிருக்கலாம்லா?"

"ரெண்டு மட்டம் சொல்ல வந்தேன்."

வந்தான்தான். பேசாமல் இருங்கள் என்றதும், இருங்கள் என்றதும் அவள்தான். கோபம் தலைக்கு ஏறிக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் அது நினைவு வந்தது.

"தோளு சரியாயிட்டு. பொய் சொல்லல" என்றான் அமலன். "போன மாசம் அடுத்த தெருவுல கல்யாணப் பந்தலுக்கு நாலு பேரு கயிறு இழுத்தானுவ. அது முறுக்கி ஒரு சத்தம் குடுத்துச்சு. நான் வீட்டுக்குள்ள ஓடிவந்து கதவச் சாத்திக்கிட்டேன். நீ வெயிலுக்குன்னு நெனச்சு மோர் கொண்டாந்து குடுத்த."

"ஆமா."

"சிலுவை என்னயப் பாத்து சிரிச்சுக்கிட்டு நின்னான். அடுத்த நிமிஷம் அவன் இல்ல. நான் ஒரு எட்டுத் தள்ளி நின்னேன், அவ்வளவுதான். மெடிக்கல்ல ரத்தம் எடுத்தானுவ, கண்ணப் பாத்தானுவ, கையத் தூக்குன்னானுவ. தூக்குனேன். பயமா இருக்கான்னு ஒருத்தனும் கேக்கல."

"நானும் கேக்கலயே" என்றாள் ஷெர்லின்.



ஷெர்லினுக்கு அழுகை வந்தது. அவன்மேல் வந்த கோபத்தில் பாதி இன்னும் தீரவில்லை, மீதிப் பாதி தன்மேல் திரும்பியிருந்தது. பதினாலு மாதமாகத் தினமும் அந்தத் தோளில் தைலம் தேய்த்தவள் அவள். எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது என்று நாள்தோறும் பார்த்தவள். இவன் கப்பல் ஏறிவிட்டால் பழைய ஆளாகிவிடுவான் என்று அவளே முடிவு செய்து, அவளே கம்பெனிக்கு எழுதி, அவளே டிக்கெட் எடுக்கச் சொல்லி, இன்று அவளே சண்டை போட்டு ஒரு இடத்தையும் வாங்கிவிட்டாள். அந்த இடத்தில் உட்கார்ந்து போக வேண்டியவனிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போகப் பிடிக்கலயா?"

"அதுதான் எனக்கே தெரியல. கப்பல் வேண்டாம்னா வேற என்ன தெரியும் எனக்கு? வேணும்னா, அந்தக் கயிறு பக்கத்துல போயி நிக்கணும். நேத்து மெசேஜைப் படிச்சதும் ஒரு நாள் கிடைச்சிருச்சேன்னு சந்தோசப்பட்டேன். ராத்திரி பூரா வெக்கமா இருந்துச்சு."

அவள் போன் அடித்தது. இன்பமணி. வழக்கப்படி ஷெர்லினின் விரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது. பாதியில் நிறுத்தி, போனை அவனிடம் நீட்டினாள்.

அமலன் அதை ஒரு கணம் பார்த்தான். பிறகு வாங்கிக் காதில் வைத்தான்.

"சார், அமலன் பேசுதேன். ஆமா, நானேதான். மதுரைக்குப் பாதி வழியில நிக்கோம். சீட்டு இருக்கு, நேரமும் இருக்கு. ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம என்னால ஏற முடியாது. சிலுவை போன அன்னையில இருந்து கயிறுன்னா எனக்குக் கை நடுங்குது. இதச் சொன்னா என் பேரை எடுத்துருவியன்னு தெரியும். சொல்லாம ஏறி, நாளைக்கு என் கை நடுங்கி இன்னொருத்தனுக்கு எதும் ஆச்சுன்னா?"

இன்பமணி எத்தனையோ பேரைக் கப்பலேற்றியவர். இப்படி ஒரு பேச்சை அவரிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

"லைன்லயே இரு அமலா" என்றது குரல். "கேப்டன்கிட்ட கேக்கேன். கயிறுகிட்ட போகாத வேலை எதும் அங்க இருக்கான்னு பாக்கணும். வைக்காத."

அமலன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினான். வேப்ப மரத்தடியில் இப்படியும் அப்படியுமாக நடந்தான். ஷெர்லினுக்கு எதிரே வண்டிக் கடிகாரத்தில் மணி பத்து பதினெட்டு. இன்னும் ஏழு நிமிஷத்துக்குள் கிளம்பினால் மதுரை. அதற்குமேல் ஆனால் எந்த மேனேஜராலும் ஒன்றும் செய்ய முடியாது. நாக்கு நுனி வரை வந்த எத்தனையோ யோசனைகளை அவள் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பால்துரை சேவுப் பொட்டலத்தோடு திரும்பி வந்தான். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம்க்கா? மதுரையா, வீட்டுக்கா?"

"எனக்குத் தெரியாது பால்துரை" என்றாள் ஷெர்லின். "அவுககிட்ட கேளு."